மூன்றரை மணிக் கண்டம்

போன ஆண்டு கத்திரி பிறந்து ஐந்தாம் நாள். அரவக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரில் அன்றைக்கு ஓர் இலை அசையவில்லை. மதியம் மூன்றரை மணிக்கு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பொடக்காணிக்குப் போய்க் கோழிக் கொட்டகையின் கதவைத் திறந்தேன். மூன்று பெட்டைகள் கால் நீட்டிக் கிடந்தன. மீதி எட்டும் அலகைப் பிளந்து, இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் சாய்ந்த மனிதர்களைப் போல நின்றன. பாம்பு கடித்த தடம் இல்லை. நாய் குதறவில்லை. காலையில் மூன்றும் கம்புக்குச் சண்டை போட்டவை.

என் பாட்டி, எங்கள் பேச்சில் அமுச்சி, தடியை ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். தகரக் கூரையை ஒரு முறை, செத்த கோழிகளை ஒரு முறை, என்னை ஒரு முறை.

"ஏஞ்சாமி, கோளிய அடைச்சு வெச்சியா, அவிச்சு வெச்சியா?"

பதில் சொல்ல என்ன இருக்கிறது? நாய்த் தொல்லைக்குப் பயந்து புதுத் தகரம் வாங்கிக் கொட்டகை போட்டேன். வெயிலில் அலைய வேண்டாமென்று பத்து மணிக்கே உள்ளே அடைத்தேன். பன்னிரண்டு மணிக்கு வயிறார அடர்தீவனம் வைத்தேன். மாடித் தொட்டிக் குழாயைத் திறந்து தண்ணீர் நிரப்பினேன். நாலும் அக்கறையில் செய்தவை. அந்த நாலும் சேர்ந்துதான் மூன்று உயிரை வாங்கின என்று விளங்க எனக்கு அந்தக் கோடை முழுவதும் ஆயிற்று. கால்நடை மருத்துவர்களிடம் கேட்டது, பண்ணைக்காரர்களிடம் தெரிந்துகொண்டது, அமுச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராமத்து வீட்டில் கோழி என்பது பெண்களின் சிறுவாட்டுப் பணம். நோட்டுப் புத்தகம், திடீர் விருந்தாளி, பேருந்துக் காசு எல்லாம் அதிலிருந்துதான் எழும். பண்ணையில் ஆயிரம் கோழி வெயிலில் செத்தால் செய்தி. ஒரு வீட்டில் மூன்று செத்தால் அது அந்த வீட்டுப் பெண்ணின் பெருமூச்சோடு முடிந்துவிடுகிறது.

உள்ளே எரிகிற அடுப்பு

கோழியின் உடம்புச் சூடு நம்முடையதைப்போல 37 டிகிரி செல்சியஸ் அல்ல. சாதாரணமாகவே 41, 42. நமக்கு அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காய்ச்சல். கோழிக்கு அது ஆரோக்கியம். அதற்குமேல் நாலைந்து டிகிரி ஏறினால் உயிர் தங்காது. ஆகக் கோழி எப்போதும் விளிம்பை ஒட்டித்தான் வாழ்கிறது.

அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மேலே இறகுப் போர்வை வேறு. சூட்டை வெளியேற்ற அதற்கு இருப்பது இறகில்லாத சில இடங்கள்: கொண்டை, தாடி, கால். வெயில் ஏறியதும் இரத்தம் அங்கே பாயும். காற்றுப் பட்டுச் சூடு இறங்கும். சுமார் 18 முதல் 24 டிகிரி வரை அதற்கு நிம்மதி. 30ஐத் தாண்டினால் இந்த ஏற்பாடு போதாது. அப்போதுதான் வாயைத் திறந்து இரைக்கத் தொடங்குகிறது. அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்கும் மூச்சு, இரைப்பின்போது இருநூறைத் தாண்டும். தொண்டையிலும் மூச்சுக் குழாயிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிறதே, அதே வித்தைதான்.

ஆனால் இந்த வித்தைக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, இரைப்பதே ஓர் உழைப்பு. அந்த உழைப்பு புதிதாகச் சூட்டை உண்டாக்கும். மற்றது இன்னும் நுட்பமானது. வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. இரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு வேண்டிய சரக்கு இரத்தத்தில் குறைந்துபோகிறது. சித்திரை, வைகாசியில் முட்டையை எடுக்கும்போதே விரல் உள்ளே போகிறதே, அதற்குக் கோழியைக் குறைசொல்லிப் பயனில்லை. அது மூச்சில் விட்டுவிட்டதை ஓட்டில் போட முடியாது.

பண்ணைகளில் கோடைத் தீவனத்தில் சோடா உப்பு கலப்பது இதற்காகத்தான். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போதும். கூடவே, பொழுது சாயும்போது கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது.

நிழலுக்குப் பிறந்தது

வெப்பநாட்டுப் பறவைக்கு வெயில் பழகியிருக்காதா என்று பலரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம் வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரையுள்ள காடுகளில், மூங்கில் புதருக்கும் செடி அடர்த்திக்கும் நடுவில் சருகைக் கிளறித் திரிவது. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த, மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழமையான எலும்புகள்தான் வீட்டுக் கோழிக்கு உறுதியான பழைய சான்று என்று 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. நெல்லும் தினை வகைகளும் காட்டோரம் விளையத் தொடங்கியபோது, சிந்திய தானியம் தேடி அது மனிதரிடம் வந்திருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. வந்தது தானியத்துக்கு. ஆனால் உடம்பு இன்னும் புதருக்கடியில்தான் இருக்கிறது. கோழி வெயிலுக்குப் பிறந்ததல்ல, வெப்பநாட்டு நிழலுக்குப் பிறந்தது.

பழைய கொல்லைகள் இதை யாரும் சொல்லாமலே அறிந்திருந்தன. எங்கள் வீட்டில் பாத்திரம் விளக்கிய தண்ணீர் சலதாரை வழியாக ஒரு வாழைக் கூட்டத்துக்குப் போகும். மே மாத மதியங்களில் கோழிகள் மொத்தமும் அந்த வாழைக்கடியில் ஈர மண்ணைப் பறித்துக் குழியாக்கி, வயிற்றை அதில் பதித்துப் படுத்திருக்கும். இறகைத் தூக்கி மண்ணை உள்ளே தள்ளிக்கொள்ளும். பேன் போக்க மட்டுமல்ல அந்த மண்குளியல். ஈர மண் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. பத்தாண்டுக்கு முன் சாக்கடை கட்டி மூடினோம், வாழை போயிற்று. முற்றத்துக்குச் சிமெண்டு பூசினோம், மண் போயிற்று. ஓலை மாற்றச் சிரமமென்று தகரம் வந்தது. கோழியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

எந்த மர நிழல் நல்லது என்று கேட்டால் தயங்காமல் புங்கன் என்பேன். மாசி, பங்குனியில் இலை உதிர்த்தாலும் கத்திரிக்குள் பச்சைப்பசேலென்று தளிர்த்துவிடும். நிழல் அடர்த்தி, தரையோடு தாழ்ந்து படரும். வேம்பும் அப்படியே. முருங்கைக்குப் பேர்போன ஊர்க்காரனாக இதைச் சொல்ல வருத்தம்தான், முருங்கை நிழல் சல்லடை நிழல். கீரைக்கு ஆகும், கோழிக்கு ஆகாது.

மரம் வளரும்வரை கொட்டகையைச் சரிசெய்யலாம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலைச் சாய்வெயில் நீளப் பக்கத்தில் அடிக்காது. கூரை விளிம்பு மூன்றடி வெளியே நீண்டிருக்க வேண்டும். பக்கச் சுவர் ஒரு முழத்துக்குமேல் வேண்டாம், மீதி கம்பிவலை. ஏற்கெனவே தகரம் போட்டுவிட்டவர்கள் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. மேலே பனையோலையோ தென்னங்கீற்றோ சோளத்தட்டோ கனமாகப் பரப்பினால் போதும். அதுவும் முடியாவிட்டால் சுண்ணாம்பு அடிக்கலாம். ஒரு மழைக்குக் கரைந்தாலும் கத்திரிக்குத் தாங்கும். தரையில் போடும் தேங்காய் நார்க்கழிவு, உமி போன்ற கூளம் கோடையில் இரண்டு அங்குலத்துக்குமேல் வேண்டாம். எச்சத்தோடு சேர்ந்து கூளம் புளித்தால் அடியிலிருந்தும் சூடு கிளம்பும்.

நெருக்கிப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பவர்களுக்கும் ஒரு சொல். பஞ்சாரம் நல்ல ஏற்பாடு, நாலு பக்கமும் காற்று வரும். ஆனால் அதன்மேல் சாக்கைப் போர்த்தி, அதன்மேல் கல்லையும் வைத்துவிட்டால் அது பஞ்சாரம் அல்ல, இட்லிக் கொப்பரை.

குழாய்த் தண்ணீரின் துரோகம்

கோழி தின்னும் தீவனத்தின் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் அது மூன்று, நாலு மடங்காகும். வளர்ந்த கோழி ஒன்று நாளில் அரை லிட்டர் வரை குடிக்கலாம். ஆனால் சூடான தண்ணீரை அது தொடாது. மதியம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் நாம் கை வைத்தாலே இழுத்துக்கொள்கிறோம். அந்தத் தண்ணீரைத்தான் அன்றைக்கு நான் நிரப்பி வைத்தேன். பாத்திரம் மாலை வரை குறையாமல் இருந்ததைப் பார்த்து, தாகமில்லை போலிருக்கிறது என்று நினைத்த அறிவாளி நான்.

இப்போது செய்வது இது: அகன்ற மண் சட்டி நாலு, நாலு மூலையில், நிழலில். ஒரே சட்டி வைத்தால் பெரிய சேவல் காவல் நிற்கும். இளைத்த கோழிக்கு முறை வராது. இரவே பிடித்து வைத்த தண்ணீரைக் காலையில் ஊற்றி, பதினொன்றுக்கும் இரண்டுக்கும் மாற்றுகிறேன். சட்டி குஞ்சு மூழ்காத ஆழம். நடுவில் ஒரு கூழாங்கல். சட்டியைச் சுற்றிக் கொஞ்சம் சிந்தினால் நல்லது, அங்கே நின்று காலை நனைத்துக்கொள்ளும். காலும் ஒரு குளிர்விப்பான் என்று முன்பே சொன்னேன்.

தண்ணீரில் என்ன கலக்கலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். வெல்லமும் உப்பும், எலுமிச்சை, நீராகாரம், இடித்த நெல்லிக்காய். கோழியின் சிறுநீரகம் தானே வைட்டமின் சி உற்பத்தி செய்யும். கடும் சூட்டில் அது போதாமல் போவதால் நெல்லிக்கும் எலுமிச்சைக்கும் நியாயம் உண்டு. உப்பில் மட்டும் கை அடங்க வேண்டும். கோழிக்கு உப்பு மிஞ்சினால் அதுவே விஷம். ஊறுகாய், கருவாட்டுத் தண்ணீர் எல்லாம் கோழிச் சட்டிக்குப் போகக் கூடாது. எது கலந்தாலும் பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

மதியச் சோறு கூடாது

நாலு தவறுகளில் மோசமானது எதுவென்று இப்போது என்னைக் கேட்டால் தகரத்தைச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மணித் தீவனத்தைச் சொல்வேன்.

தின்றதைச் செரிப்பதும் ஓர் எரிப்புதான். தின்ற சில மணி நேரம் கழித்துத்தான் அந்தச் சூடு உச்சத்துக்குப் போகும். காற்றின் சூடும் உச்சிப்பொழுதில் உச்சத்தை அடைவதில்லை; இரண்டு மணிக்குமேல் நாலு மணிக்குள்தான். பன்னிரண்டுக்குப் போட்ட தீவனத்தின் சூடும், ஊர்ச் சூடும், கூரைத் தகரம் பகல் முழுக்க வாங்கி வைத்த சூடும் ஒன்றாகச் சந்திக்கும் நேரம் மூன்றரை மணி. சாகிறவை நோஞ்சான் கோழிகளும் அல்ல. நன்றாகத் தின்றது, கொழுத்தது, முட்டையிடுவது, இவைதான் முதலில் விழும். கறிக்கோழிப் பண்ணைகளில் எடை ஏறி விற்பனைக்கு நிற்கும் கூட்டம் கோடை மாலைகளில் சரிவது இதனால்தான். அங்கே பகலில் சில மணி நேரம் தீவனத்தை உயர்த்திக் கட்டிவிடுவார்கள்.

அமுச்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கோழி திறந்துவிடும்போது ஒரு கை, அடையும்போது ஒரு கை. நடுவில் "அதுவாப் பொறுக்கிக்கும்". இப்போது நானும் வெளிச்சம் வந்ததும் ஒரு முறை, வெயில் தாழ்ந்து ஐந்தரைக்குமேல் ஒரு முறை போடுகிறேன். இடையில் தர்பூசணித் தோல், வெள்ளரி, கீரைத்தண்டு, அசோலா. இவற்றில் பெரும்பங்கு தண்ணீர்தான். செரிக்கிற சூடு குறைவு. ஊறவைத்த கம்போ பிசைந்த தவிடோ காலையில் கொடுக்கலாம். மிச்சத்தை மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வெயிலில் ஈரத்தீவனம் பூஞ்சை பிடிக்க ஒரு பொழுது போதும்.

கரூருக்கு ஒரு நியாயம், கடலூருக்கு ஒரு நியாயம்

கோடைக் கோழி வளர்ப்பு என்றதும் எல்லாரும் சொல்வது நனைத்த சாக்கு. கம்பிவலையில் கோணிச்சாக்கைக் கட்டித் தண்ணீர் தெளித்தால், அதன் வழியே வரும் காற்று குளிர்ந்து வரும். எங்கள் ஊரில் இது அற்புதமாக வேலை செய்கிறது. கரூர், ஈரோடு, வேலூர் போன்ற உள்மாவட்டங்களில் மே மாதக் காற்று வறண்டது. தண்ணீரைக் குடிக்கக் காத்திருக்கும்.

கடலூரில் உறவுக்காரர் ஒருவர் இதையே செய்து, கோழிகள் இன்னும் அதிகமாக இரைக்கின்றன என்று தொலைபேசியில் திட்டினார். அவர் கோபத்தில் தவறில்லை. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. கோழி குளிர்வது தன் மூச்சிலுள்ள ஈரம் ஆவியாவதால். சுற்றிலும் ஈரக் காற்றென்றால் அது ஆவியாகாது. எவ்வளவு இரைத்தாலும் வெறும் உழைப்புதான் மிச்சம். அங்கே சாக்கு எதிரி. அங்கே வேண்டியது காற்றோட்டம்: அடைப்பை எல்லாம் நீக்குவது, முடிந்தால் ஒரு மின்விசிறி. சென்னையின் மொட்டைமாடிக் கோழிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பகலில் குடித்த சூட்டைத் தளம் இரவு முழுக்கக் கக்கும். கூண்டு தரையைத் தொடாமல் இரண்டடி உயரத்தில் இருக்க வேண்டும்.

வறண்ட ஊரிலும் சாக்கை நனைத்தால் போதாது, காற்று உள்ளே வந்து மறுபக்கம் வெளியேற வழி வேண்டும். நாலு பக்கமும் ஈரச் சாக்கால் மூடினால் நாமே ஒரு சின்னக் கடலூரை உண்டாக்கிவிடுகிறோம்.

கூமுட்டைக்கு யார் காரணம்

கத்திரியில் அடை வைக்காதே என்பது அமுச்சியின் சட்டம். நான் கேட்காமல் வைத்துப் பன்னிரண்டில் நாலுதான் பொரிந்தது. மீதி கூமுட்டை. சேவல்மேல் சந்தேகப்பட்டேன். வெயிலில் சேவலின் வீரியம் குறைவதும் உண்மைதான். ஆனால் பெரிய குற்றவாளி நான் முட்டை சேர்த்து வைத்த அலமாரி.

கரு வளர அடைக்கோழியின் 37 டிகிரிச் சூடு வேண்டும், 21 நாள் வேண்டும். ஆனால் 21 டிகிரியைத் தாண்டினாலே கரு அரைகுறையாகக் கண் விழிக்கத் தொடங்கும். 36 டிகிரி அறையில் பத்து நாள் வைத்த முட்டைக்குள் கரு மெல்ல வளர்ந்து, ஒழுங்கான சூடு கிடைக்காமல் செத்துப்போயிருக்கும். அதை அடை வைத்தால் அழுகத்தானே செய்யும்? ஈர மணல் நிரப்பிய பானையின்மேல் துணி விரித்து, கூர்முனை கீழாக முட்டையை வைப்பது பழைய வழக்கம். மணல் காயாமல் பார்த்துக்கொண்டு, ஐந்தாறு நாளுக்குள் அடை வைத்தால் சித்திரையிலும் பொரிக்கும். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி வரை சூடு தேவை என்பதால் பகலில் விளக்குப் போடும் செலவும் மிச்சம். வீட்டில் வெயிலை விரும்புகிற ஒரே ஜீவன் அதுதான்.

எந்தக் கோழி தாங்கும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: சிறுவிடை தாங்கும். நீண்ட காலும் ஒட்டிய இறகும் உள்ள அசீல் தாங்கும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவிலிருந்து வந்து, 2018இல் புவிசார் குறியீடு பெற்ற கடக்நாத்தும் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தாங்குவது, பார்ப்பவர்கள் முகம் சுளிக்கும் மொட்டைக் கழுத்துக் கோழி. ஒரே ஒரு மரபணுவால் அதன் உடம்பில் இறகு 20 முதல் 40 விழுக்காடு குறைவு. அந்த வெற்றுக் கழுத்துதான் அதன் சாளரம். வடிவத்தைப் பார்த்து அதை வாங்காமல் விடுபவர்களை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன்தான்.

விழுந்த கோழிக்கு

இரைப்பது ஆபத்தின் தொடக்கம். கொண்டை வெளிறி, கண் செருகி, நடை தள்ளாடினால் நிமிடங்கள்தான் இருக்கின்றன. நிழலுக்குத் தூக்கிப்போய், அகன்ற பாத்திரத்தில் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் காலையும் அடிவயிற்றையும் நனைய விட வேண்டும். கொண்டையிலும் தாடியிலும் ஈரத் துணியால் ஒற்றலாம். தலையை முக்கக் கூடாது. மயங்கிய கோழியின் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குப் போகும். தலை நிமிர்ந்து தானே விழுங்கத் தொடங்கிய பிறகு சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம்.

கோடையில் செத்ததெல்லாம் வெயிலால் செத்தவையும் அல்ல. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தை முறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் அது வெள்ளைக்கழிச்சல். இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிகேத்தில் 1920களில் அறியப்பட்டதால் ராணிகேத் நோய் என்றும் பெயர். அதற்குத் தண்ணீர்ச் சட்டி உதவாது, தடுப்பூசிதான். அதைக் கத்திரிக்கு முன்பே போட்டுவிட வேண்டும். கால்நடைத் துறை பிப்ரவரி வாக்கில் முகாம் நடத்துவது அதற்காகத்தான். கோழியைத் துரத்திப் பிடித்து ஊசி போடுவதும் ஒரு சூடு என்பதால், தவறவிட்டவர்கள் விடிகாலையில் கொண்டுபோவது நல்லது.

இந்த ஆண்டு கத்திரி பிறந்து ஐந்தாம் நாள், மூன்றரை மணிக்கு மறுபடி பொடக்காணிக்குப் போனேன். தகரத்தின்மேல் பனையோலை. கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. போன ஐப்பசியில் சாக்கடைக் குழாயைத் திருப்பிவிட்டு நட்ட வாழை இரண்டாள் உயரம் வந்திருந்தது. அதனடியில் ஒன்பது குழிகள், ஒன்பது கோழிகள். என் காலடிச் சத்தத்துக்குச் சாம்பல் நிறப் பெட்டை மட்டும் ஒரு கண்ணைத் திறந்தது. பார்த்தது. கீழிமை மெல்ல மேலேறிக் கண்ணை மூடிக்கொண்டது.